கிழக்கே போட்ட துளை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்பா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே என்னிடம்தான், அதுவரைக்கும் பெருவிரல். பஸ் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்ல இன்றைக்கும் ஓர் ஆள் வேண்டும். எருமப்பட்டி பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் நடந்து போய்ப் படித்து, பிறகு நாமக்கல்லில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் சேர்ந்தேன். அன்றைக்கு அப்பா எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். எங்கள் வளவில், அந்தச் சொந்தக்கார வீடுகளுக்குள், கடிகாரம் கட்டிய முதல் பெண்ணும் நான்தான். அதனால் அந்தக் கோடையில் நான் செய்ததையும் கொஞ்சம் தலை நிமிர்ந்தே சொல்கிறேன். அதில் பாதி தப்பு.

விளைநிலத்தை நாங்கள் காடு என்போம். கொல்லிமலையிலிருந்து இறங்கி எங்கள் காட்டுக்குக் கிழக்கே போகும் ஓடையை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வருடத்தில் நாலு மாதம் ஓடினாலே அந்தப் பெயருக்குப் போதும். எழுபதுகளில், நான் சின்ன வகுப்புகளில் படித்தபோது, ஐப்பசி கார்த்திகையில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புத்தகப் பையைத் தலையில் வைத்துத்தான் அதைக் கடப்பேன். ஒரு தடவை இடது கால் செருப்பு ஆற்றோடு போய்விட்டது. வலது செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதையும் ஆற்றில் விட்டுவிட்டு வந்தேன். அம்மா திட்டித் தீர்த்தாள். எண்பதுகள் பிறந்த பிறகு அதே இடத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. மணல் அப்படிச் சுட்டது.

முதல் வருடம் மழை குறைந்தது. இரண்டாம் வருடம் பேருக்கு வந்தது. மூன்றாம் வருடம் கொல்லிமலை உச்சியில் மேகம் உட்காரவே இல்லை. பெண்கள் ஆற்று மணலில் குழி தோண்டி, ஊற ஊறக் கொட்டாங்குச்சியால் அள்ளிக் குடத்தில் ஊற்றினார்கள். இரண்டு முழம் தோண்டினால் கிடைத்த தண்ணீர் ஆளுயரம் தோண்டினாலும் கிடைக்காமல் போனது. அந்தச் சித்திரையில், நான் முதல் வருடக் கல்லூரி முடித்து விடுமுறைக்கு வந்தபோது, வளவு முழுவதும் குடிதண்ணீருக்கு என் அத்தையின் கிணற்றையே நம்பியிருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் பெரியப்பா மகள். எங்கள் காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் அவள் காடு. அவள் வீட்டுக்காரர் பம்பாய்க்கு லாரி ஓட்டுகிறவர். மாதம் ஒரு முறை வந்து, குளித்து, தூங்கி, கிளம்பிவிடுவார். விவசாயம் முழுவதும் அத்தை கையில். அவள் வாய்க்குப் பயந்து மாடுகள்கூட ஒழுங்காக நடக்கும் என்பார் அப்பா. ஆறு பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ அவள் கிணறு மட்டும் வற்றவில்லை. அவளும் தன் சோளத்தைக் காயவிட்டு, குடிக்க மட்டும் என்று கிணற்றை ஊருக்குத் திறந்து வைத்திருந்தாள். காலரா பயத்தில் சுகாதாரத் துறை ஆள் ஒருவர் திங்கட்கிழமைதோறும் சைக்கிளில் வந்து அந்தக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிவிட்டுப் போவார். அந்த வாசம் போகட்டும் என்று தண்ணீரை ஓர் இராத்திரி குடத்தில் வைத்திருந்துதான் வளவில் குடிப்பார்கள்.

எங்கள் கிணறு அறுபதடி. அதன் அடியில், இராத்திரி முழுவதும் ஊறினால் காலையில் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும். மோட்டாரைப் போட்டால் இருபது நிமிடம். பிறகு குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டு உறுமும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "முடிஞ்சுது தீவாளி" என்பாள்.

அந்த இருபது நிமிடத் தண்ணீரை நம்பி அரை ஏக்கர் சின்ன வெங்காயம் நின்றது. நிலக்கடலை விதைக்கவே இல்லை. மரவள்ளி குச்சியாகக் காய்ந்துவிட்டது. கண்ணுக்குப் பச்சையாக இருந்தது அந்த வெங்காயம் ஒன்றுதான். அதுவும் நுனி கருக ஆரம்பித்திருந்தது.

அந்த நாட்களில்தான் அம்மாவின் தம்பி வந்தார். திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டியில் வேலை பார்ப்பவர். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. எங்கள் பக்கத்தில் வானம் பொய்த்த பிறகு நிறையப் பேர் மம்பட்டியை மூலையில் சாத்திவிட்டு அந்த வண்டிகளில் ஏறிவிட்டார்கள்.

"வைகாசி கடைசியில வண்டி ஆந்திராவுக்குப் போவுதுங் மச்சான். குழாய் தூக்க ஒரு ஆளு கொறையுது. ஏறுனா எட்டு மாசம், திரும்பிப் பாக்க முடியாது" என்றார் மாமா.

அப்பா வெங்காயக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாமக்கல் தைப்பூசக் கூட்டத்துக்குப் போனால்கூட அன்றைக்கே திரும்பி வந்து மாட்டைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார் அவர்.

"வெங்காயம் எந்திரிச்சுதுன்னா நான் வரல மாப்ள. வெங்காயம் போச்சுன்னா வாரேன்."

"சொந்தக் கெணத்துல தண்ணி காணோமாமா. ஆந்திராக்காரன் காட்டுல தேடப் போறாராமா" என்றாள் அம்மா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

பக்கத்து ஊரில் சைடு போர் போடும் ஆட்கள் வந்திருந்தார்கள். டிராக்டரில் கம்ப்ரஸரை மாட்டிக்கொண்டு வந்து, கிணற்றின் அடியில் இறங்கி, பக்கச் சுவரில் படுக்கைவசமாக நூறு, நூற்றைம்பது அடிக்குத் துளை போடுவார்கள். பாறை இடுக்கில் எங்காவது தண்ணீர் ஓடினால் அது துளை வழியாக நம் கிணற்றுக்கு வந்துவிடும். எந்தப் பக்கம் போடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார்.

அவர் உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி நடந்தார். வடகிழக்கே, சனிமூலைக்கு வந்தபோது தேங்காய் மெல்ல எழுந்து நின்றது. அப்பா கையைக் கூப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, அந்தப் பக்கம் மேடுங்களே. மேட்டுல இருந்தா தண்ணி வரும்? ஆறு நேர் கெழக்கேதானுங்க இருக்குது."

அவர் தேங்காயைக் கீழே இறக்கினார். "அம்முணி என்னங்க படிக்குது?" என்று அப்பாவைக் கேட்டார்.

"காலேசு."

"காலேசுல தண்ணி பாக்கச் சொல்லித் தாராங்களா?"

"எல்லாமே சொல்லித் தாராங்க" என்றேன் நான்.

நான் படித்தது விலங்கியல். அந்த வருடம் ஒரு தவளையின் வயிற்றைத் தவிர வேறு எதையும் நான் திறந்து பார்த்ததில்லை. ஆனால் என்ன படிக்கிறேன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. காலேசு என்றால் காலேசு.

அப்பா தேங்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கைக்கடிகாரத்தைக்கூடப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு, "கெழக்கயே போட்டுரலாம்" என்றார்.

நீரோட்டக்காரருக்குக் கோபம் வந்ததோ இல்லையோ, தேங்காயைக் கல்லில் உடைத்து ஒரு மூடியை என் கையில் கொடுத்தார். "தேங்கா பொய் சொல்லாது. நான் சொல்லியாச்சு. தின்னு சாமி, படிக்கற புள்ளைக்குப் பசிக்கும்."

நேர் கிழக்கே, எங்கள் காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில், அத்தையின் கிணறு இருப்பது எனக்குத் தெரியாததல்ல. தினமும் குடம் எடுத்துப் போன கிணறுதானே. ஆற்றுத் தண்ணீர் பூமிக்கடியில் எல்லோருக்கும் பொதுவாக வரும், அதில் எங்களுக்கு வரவேண்டியது வரட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

இரண்டு நாள் கம்ப்ரஸர் ஓடியது. அந்தச் சத்தத்தில் கோழிகள் எருக்குழிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன. கிணற்றடியில் இரண்டு பேர் ஈரத்தில் படுத்தபடி இரும்புக் கம்பியை ஒன்றோடு ஒன்று மாட்டி உள்ளே செலுத்தினார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் கீழேயிருந்து ஒரு கூச்சல். ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். சுவரிலிருந்து மணிக்கட்டுத் தடிமனில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் புது ஊற்றுத் தண்ணீரைச் சும்மா குடிக்க மாட்டார்கள். சொம்பில் கொண்டுவந்து, மஞ்சள் தூவி, கற்பூரம் காட்டி, வீட்டுப் பெரியவர் முதலில் கையில் வாங்கிக் குடிக்க வேண்டும். பிறகுதான் மற்றவர்கள். அன்றைக்கு அம்மா சொம்பை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா, "கெழக்குன்னு சொன்னவ கையில மொதல்ல ஊத்து" என்றார்.

சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். நான் கையைக் குவித்து வாங்கிக் குடித்தேன்.

"மருந்து வாசமடிக்குதுங்க" என்றேன்.

போர்க்காரர் சிரித்தார். "கெணறு வெட்டுன காலத்து வெடிமருந்துங் அம்முணி. பாறையில ஊறிக் கெடக்கும். ரெண்டு நாள்ல போயிரும்."

அப்பா குடித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, வெடிமருந்துதான்" என்றார். அம்மாவும் அதையே சொன்னாள். அது வெடிமருந்து இல்லை என்று என் நாக்குக்குத் தெரியும். ஒரு வருடம் விடுதிக் குழாயில் நான் குடித்த தண்ணீரின் வாசம் அது. ஆனால் அந்த நேரத்தில், நாக்கு சொன்னதைவிட அப்பா சொன்ன ஒரு வரி எனக்கு அதிகமாக இனித்தது. சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்த நாட்களில் எங்கள் மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடியது. வெங்காயம் நுனி கருகுவது நின்றது. உள்ளேயிருந்து புதிதாகப் பச்சைத் தாள் வந்தது. கிணற்றை எட்டிப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நான் வேலை ஒன்றும் இல்லாமலே மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றேன். யாராவது, "இந்தப் புள்ளைதானுங்களா தெசை சொன்னது?" என்று கேட்டால் கடிகாரத்தில் மணி பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அத்தை வந்தாள். "நங்கை, எட்டு மொழம் கயிறு இருந்தாக் குடு. இருக்கறது எட்டல. ஒட்டுப்போட்டு எறக்குனா வாளி தரையத் தட்டுது" என்றாள் அம்மாவிடம். அண்ணன் மனைவி எங்கள் பக்கத்தில் நங்கை.

"அட, போன வாரம்கூட நல்லா இருந்துச்சே?"

"இருந்துச்சு. உங்க ஊட்டுல தண்ணி வந்தாலும் வந்துச்சு, என்ற கெணறு பொறாமையில வத்துதாட்டம் இருக்குது."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். என் கன்னத்தைக் கிள்ளி, "வாத்தியாரம்மா, எங்க ஊட்டுக்கும் ஒரு தெசை சொல்லு" என்று சொல்லிவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். கயிற்றை அறுத்துக் கொடுத்தவள் நான். கத்தி கையில் இருக்கும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

விளங்கியும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. வறட்சியில் எல்லாக் கிணறும் இறங்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் அப்பா ரிக் வண்டி ஏறுவார். அது ஒன்று. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்: சொன்னால் திசை சொன்ன பெண் என்ற பேர் போய்விடும். இரண்டில் எது என் வாயை அதிகம் கட்டியது என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது.

ஆனால் விலங்கியல் வகுப்பில் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு தடவை பார்த்ததை நம்பாதே, முன்னும் ஒரு தடவை பார், பின்னும் ஒரு தடவை பார் என்று. அது மட்டும் மண்டையில் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை காலையில் எங்கள் கிணற்றுப் படியில் இறங்கி, துளைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். வாசம் லேசாக இருந்தது. பிறகு அத்தை கிணற்று மேட்டுக்குப் போய், மத்தியானம் சுகாதாரத் துறை ஆள் வந்து அதில் பவுடரைக் கரைத்து ஊற்றும்வரை அங்கேயே நின்றேன். "என்ன அம்முணி, இந்த வேலைக்கு வரப் போறியா?" என்று கேட்டார் அவர். நாலு மணிக்கு மறுபடியும் எங்கள் கிணற்றில் இறங்கினேன். துளைக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும்போதே மூக்கு எரிந்தது. கண்ணில் நீர் வந்தது.

மேலே ஏறி வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு வெங்காயப் பாத்தியில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். வாய்க்கால் வரப்பில் நின்றபடியே சொன்னேன். வாசம் பற்றி, கயிறு பற்றி, காலையில் பார்த்தது, சாயங்காலம் பார்த்தது எல்லாம்.

அப்பா மம்பட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். "தண்ணி பூமிக்குள்ள ஓடறது அம்முணி. இது அத்தை ஊட்டுது, இது நம்ம ஊட்டுதுன்னு அதுல பேரு எழுதியிருக்குதா?"

"பேரு இல்லீங்கப்பா. வாசம் இருக்குதுங்க."

தண்ணீர் பாத்தி நிறைந்து அடுத்த பாத்திக்குள் வழிந்தது. அவர் திருப்பவில்லை.

"அப்ப நான் ஆந்திராவுக்குப் போவோணும்" என்றார்.

"நான் கெழக்குன்னு சொல்லாம இருந்திருக்கோணுங்க."

"சொன்னது நீ. போட்டது நான்." அவ்வளவுதான். நடந்துபோய் மோட்டாரை நிறுத்தினார். பாதி நனைந்த பாத்தி பாதியிலேயே நின்றது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவள் புளியைக் கரைப்பதை நிறுத்தவில்லை. "அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் வளவே குடிக்குது. தாகத்துக்கு வெங்காயத்தக் கடிச்சுக்கன்னு அவியகிட்டச் சொல்ல முடியுமா? போயிச் சொல்லிட்டு வாங்க. இருட்டறதுக்குள்ள போங்க, குடத்தோட எல்லாரும் அங்கதான் நிப்பாங்க."

"எல்லாரும் இருக்கறப்பவா?"

"கப்பூரங் காட்டறப்ப எல்லாரும் இருந்தாங்கல்ல."

அப்பா முன்னால், நான் பின்னால். அத்தை கிணற்று மேட்டில் பன்னிரண்டு பதிமூன்று பெண்கள் குடங்களோடு நின்றார்கள். அத்தை வாளியை இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே சொல்லி முடித்தார். நாங்கள் போட்ட துளை உன் கிணற்றுத் தண்ணீரைத்தான் இழுக்கிறது. தெரியாமல் போட்டது. நாளைக்கே மரக்கட்டை அடித்து அடைத்துவிடுகிறேன்.

அத்தை வாளியைக் கீழே வைத்தாள். "அதுதானே பாத்தேன். என்ற கெணத்துக்குப் பொறாமைப்பட ஏது நேரம்" என்றாள். பிறகு, "ஏனுங்ண்ணா, களவாங்கறவிய இருட்டுல வருவாங்க. நீங்க டிராக்டரு கொண்டாந்து, கம்ப்ரஸரு ஓட்டி, ஊரக் கூட்டி, கப்பூரம் பத்த வெச்சுக் களவாங்கியிருக்கறீங்க."

ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி மூடாமலே சிரித்தாள். அத்தை என் பக்கம் திரும்பினாள். "இதுக்குத்தான் உன்னைய நாமக்கல்லுல கொண்டுபோயிச் சேர்த்தாங்களா சாமி?"

"கண்டுபுடிச்சதும் அதே படிப்புதானுங்க அத்தை" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"வாயப் பாரு. அப்படியே என்னைய உரிச்சு வெச்சிருக்குது." அவள் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. "வெங்காயத்துக்கு இன்னும் எத்தனை தண்ணி வேணுமுங்ண்ணா?"

"ஆறு தண்ணி. அத விடு. காயறது காயட்டும்" என்றார் அப்பா.

அப்போது குடத்தோடு நின்ற ஒரு அக்கா பேசினாள். எங்கள் காடுகளில் களையெடுக்க வருகிறவள். "காயட்டுமுன்னா எப்படிங்க? வெங்காயம் புடுங்கறதுக்கு எங்களைத்தானுங்க கூப்புடுவீங்க. இந்த வருசம் வேற எந்தக் காட்டுலீங்க எங்களுக்கு வேலை இருக்குது? குடிக்கத் தண்ணியும் வேணுமுங்க. புடுங்க வெங்காயமும் வேணுமுங்க."

யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது அந்தப் பேச்சு. எல்லோரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தோம்.

"கெணத்தடியில நாலடிக்குச் சேறு கெடக்குது" என்றாள் அத்தை. "உங்க மச்சானை நம்பி ரெண்டு வருசமா அப்படியே கெடக்குது. அவருக்கு லாரி டயரு தெரியும், கெணறு தெரியாது. நீங்க எறங்கி அள்ளுங்ண்ணா. மேல இழுக்கறதுக்கு நாங்க இருக்கறோம். சேறு போனா ஊத்துக்கண்ணு தொறக்கும். அப்புறம் அஞ்சு நாளைக்கு ஒருக்கா, எல்லாரும் குடம் புடிச்ச பொறவு, அந்தக் கட்டையப் புடுங்கிக்கங்க. ஒரு மணி நேரம்."

மறுநாளிலிருந்து எட்டு நாள் அப்பா அத்தை கிணற்றில்தான். மாமாவும் ஒரு நாள் வந்து மாட்டிக்கொண்டார். அப்பாவை ஆந்திராவுக்குக் கூட்டிப்போக வந்தவர், இடுப்பளவு சேற்றில் நின்று கூடையை நிரப்பினார். "பூமிக்கு மேல நின்னு ஓட்ட போடற வேலைய விட்டுட்டு இதென்னங்க மச்சான்" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். மேலே பெண்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுத்தார்கள். நானும் இழுத்தேன். சேற்றோடு இரண்டு பித்தளைச் சொம்பு, ஒரு அரிவாள், அத்தையின் கல்யாணத்துக்கு வந்த ஒரு வெண்கலத் தூக்குப் பாத்திரம் எல்லாம் வந்தன. தூக்கைப் பார்த்ததும் அத்தை, "இத எடுத்துட்டான்னு என்ற கொழுந்தனாரோட பத்து வருசமாப் பேசாம இருந்தேன்" என்றாள். அன்று சாயங்காலமே கொழுந்தனார் வீட்டுக்கு அந்தத் தூக்கில் மோர் போனது.

சேறு போன பிறகு மூன்று இடத்தில் ஊற்றுக்கண் திறந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, சுண்டுவிரல் கனம்தான். ஆனால் வாளி தரையைத் தட்டுவது நின்றது.

அடைப்புக்கட்டையை அப்பா வேப்பமரத்தில் செதுக்கினார். ஒரு முனை கூர், ஒரு முனை தடி. சாக்குத் துணி சுற்றித் துளையில் வைத்து அடித்தால் சொட்டுக்கூட வராது. அதைப் பிடுங்குவதும் அடிப்பதும் என் வேலை என்று நானே சொன்னேன். திசை சொன்னவள் நான். அடைக்கிறவளும் நானாக இருக்கட்டும். அப்பா மறுக்கவில்லை. வயதுப் பெண் கிணற்றுக்குள் இறங்குவதா என்று வளவில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். இறங்கி மோந்து பார்த்தவள்தானே என்று அம்மா முடித்துவிட்டாள்.

முதல் முறை பிடுங்கியபோது கட்டை ஊறி உப்பியிருந்தது. சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டி அசைத்தேன். திடீரென்று கட்டையும் தண்ணீரும் சேர்ந்து வந்து என்னை உட்கார வைத்துவிட்டன. நனைந்தபடி கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து மணி பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் ஆவதற்குள் அத்தை கிணற்றுப் பக்கமிருந்து மண்ணெண்ணெய் டின்னைத் தட்டும் சத்தம் கேட்டது. அது அவள் வைத்த ஏற்பாடு. அவள் கிணற்றுச் சுவரில் ஒரு வெள்ளைக் கல் உண்டு. தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழே இறங்கினால் டின்னைத் தட்டுவாள். நான் அடைத்துவிட வேண்டும்.

அடைத்துவிட்டு மேலே வந்து, "ஒரு மணி நேரமுன்னு சொன்னீங்களே அத்தை, இன்னும் இருவது நிமிசம் இருக்குதுங்களே" என்றேன்.

"உன்ற கடியாரத்துக்குத் தண்ணி எறங்குறது தெரியுமா சாமி? கல்லுக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு கிணற்றுக்குள் இறங்கும்போது கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டே இறங்கினேன். அது நனையாமலாவது இருந்தது.

அரை ஏக்கரையும் காப்பாற்ற முடியாது என்று அப்பாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. வடக்குப் பக்கத்துப் பாத்திகளை அவரே கைவிட்டார். வாய்க்காலை அந்தப் பக்கம் மண் போட்டு மூடினார். மூடிய மண்ணை மம்பட்டியின் பின்பக்கத்தால் இரண்டு முறை தட்டிவிட்டு வந்தார், மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோல. மீதிப் பாத்திகளுக்கு ஆறு தண்ணீரில் ஐந்து கிடைத்தது. ஆறாவதற்குக் கட்டையைப் பிடுங்கிய அன்று பத்தே நிமிடத்தில் டின் சத்தம் கேட்டது. அடைத்துவிட்டோம்.

வைகாசி கடைசியில் வெங்காயம் பிடுங்கினோம். தண்ணீர் குறைந்த வெங்காயம் சிறுத்திருந்தது, ஆனால் காரம். தாளை அரியும் பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்துப் பேசினார்கள். அன்று குடத்தோடு நின்று பேசின அக்கா ஒரு வெங்காயத்தை உரித்து மோந்து பார்த்துவிட்டு, "பவுடரு வாசம் இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது" என்றாள். அந்தக் கேலி பிறகு பல நாள் ஓடியது.

பிடுங்கிக்கொண்டிருந்தபோதே ரோட்டில் ரிக் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. பின்னாலேயே குழாய் ஏற்றிய லாரி. மாமா இறங்கி வரப்பு வழியாக வந்தார். அப்பா குனிந்த நிலையிலிருந்து நிமிரவில்லை.

"வண்டி நிக்குதுங் மச்சான்."

"நிக்கட்டும். வெங்காயம் எந்திரிச்சிருச்சு மாப்ள."

மாமா குவியலைப் பார்த்தார். "அரைக் காடுதானுங்க எந்திரிச்சிருக்குது."

"அப்ப பாதி ஆளா வரட்டுமா?" என்றார் அப்பா.

அம்மா ஒரு சாக்கில் வெங்காயம் கட்டி, வண்டியில் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று தம்பியிடம் கொடுத்தாள். மாமா அதைத் தோளில் வைத்துக்கொண்டு போய் ஏறினார். வண்டி எருமப்பட்டிப் பக்கம் திரும்பிப் புழுதியில் மறையும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பார்க்கவில்லை. அவருக்கு இன்னும் இரண்டு பாத்தி மிச்சமிருந்தது.

ஆனியில் கல்லூரி திறந்தது. பஸ் நிறுத்தம்வரை அப்பா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தையும் வந்தாள். விடுதிக்கு என்று ஒரு பை வெங்காயத்தை என் மடியில் வைத்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, "அடுத்த வருசம் எந்தத் தெசைன்னு நல்லா விசாரிச்சுட்டு வா சாமி" என்றாள். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"வாரேனுங்க அத்தை" என்றேன்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கியிருந்தது. குழாயடியில் என் வகுப்புப் பெண்கள், விடுமுறை முடிந்து வந்த புதிதில் எப்போதும் செய்வதுபோல, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். நான் டம்ளரை நிரப்பினேன். எங்கள் கிணற்றுத் துளையில் மோந்த அதே வாசம். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் பிடித்தேன்.